வலை நிழல் விழாத கடற்கரை: 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' மறு ஆக்கம் பார்த்தவர்கள் வாருங்கள், பேசலாம்

பாம்பன் வடகடல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு படங்களின் முடிவையும் இங்கே பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பழைய படத்தை மட்டுமாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது, வலை சரிசெய்வது என்று பகல் ஓடிவிடுகிறது. ராத்திரிதான் நீளம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வலைக் கொட்டகையில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, தம்பி வாங்கிவந்த சின்ன புரொஜெக்டரில் படம் போடுகிறோம். நான், தம்பி, பெரியப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. முக்கியமான இடங்களில் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

போன வெள்ளிக்கிழமை 1947-இல் வந்த 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' போட்டோம். ஜாக் டூர்னர் இயக்கியது. ராபர்ட் மிட்சம், ஜேன் கிரீர், கர்க் டக்ளஸ் நடித்தது. மறுநாள் அதே கதையை 1984-இல் டெய்லர் ஹேக்ஃபோர்ட் திரும்ப எடுத்த 'அகெயின்ஸ்ட் ஆல் ஆட்ஸ்'. படம் முடிந்து புரொஜெக்டரை அணைத்ததும் பெரியப்பா ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பையன் ஏன் வரவேயில்லை?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அதனால்தான் இந்த இழை.

பழைய படத்தின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜெஃப் ஒரு சின்ன மலையூரில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறான். ஆன் என்ற பெண்ணோடு ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறான். அவனிடம் வேலை செய்வது காது கேளாத, வாய் பேசாத ஒரு பையன். ஒருநாள் கறுப்புக் கோட்டு போட்ட ஆள் ஒருவன் காரில் வந்து இறங்குகிறான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பெரியப்பா, "தேடிக்கிட்டு வந்துட்டான்" என்றார். அவ்வளவுதான் கதை. பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்கி வாழ்கிறவனைப் பழசு தேடி வந்துவிடுகிறது. முன்பு அவன் துப்பறிகிறவன். விட் என்ற சூதாட்டக்காரனைச் சுட்டுவிட்டு 40,000 டாலரோடு ஓடிய கேத்தியைப் பிடித்துக்கொண்டு வரப் போனவன். அகபுல்கோவில் அவளைக் கண்டுபிடிக்கிறான், அவளிடமே விழுந்துவிடுகிறான்.

விழும் இடம் எது தெரியுமா? கடற்கரை. ராத்திரி. சுற்றிலும் காயப்போட்ட வலைகள். நிலா வெளிச்சம், பின்னால் அலை. பணத்தை நான் எடுக்கவில்லை, நம்பமாட்டாயா என்று அவள் கேட்கிறாள். அவன் நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்கிறான். சொல்லிவிட்டு முத்தம் கொடுக்கிறான். நான் பிறந்ததிலிருந்து வலைக்கு நடுவில் இருக்கிறேன். காயப்போட்ட வலைக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றால் தூரத்திலிருந்து அவனும் மாட்டிய மீன் மாதிரித்தான் தெரிவான். அதை ஒருவர் சினிமாவில் இப்படி எடுத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதிய படத்திலும் கடல் உண்டு, மெக்சிகோதான், கோசுமெல் தீவு. தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. வெயில் பளீரென்று அடிக்கிறது. இரண்டு பேரும் அழகு. மாயன் கோயில் இடிபாடுகளும் அழகு. ஆனால் ஒரு இடத்தில்கூட எனக்கு நெஞ்சு அடைக்கவில்லை. வலை இல்லை. பெட்ரோல் பங்க் இல்லை, ஆன் இல்லை. பையனும் இல்லை.

---

கீழக்கரை கேசட்

சலாம். நான் அந்தப் பக்கத்து ஆள், ஏனென்றால் எனக்கு 1984 படம்தான் முதலில் வந்தது. சரியாகச் சொன்னால் அதன் பாட்டு. வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் ஃபில் காலின்ஸ் பாடிய அந்தப் பாட்டு இருந்தது. படம் எது, கதை எது என்று ஒன்றும் தெரியாமல் பல வருஷம் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் அந்த வருஷம் முதலிடத்துக்குப் போன பாட்டு, ஆஸ்கருக்கும் பரிந்துரை ஆனது.

படத்தை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்). ஜேம்ஸ் உட்ஸ் என்ன நடிப்பு! கிளப் நடத்துகிறவன், பந்தயம் கட்டுகிறவன், ஆனால் அந்தப் பெண் விட்டுப்போனதைத் தாங்க முடியாமல் உள்ளுக்குள் புழுங்குகிறவன். பழைய படத்தில் விட் வேடத்தில் கர்க் டக்ளஸ் சிரித்துக்கொண்டே மிரட்டுவார். இவர் மிரட்டும்போதே அழுதுவிடுவாரோ என்று தோன்றும். ஆரம்பத்தில் சன்செட் பூல்வார்டில் ஓடுகிற கார்ப் பந்தயத்தையும் இன்றைக்குப் பார்த்தால்கூட உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைசிக் காட்சி ஒன்று போதும். இரண்டு பேரும் சாகவில்லை. சேரவும் முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவே தூரத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். கதாநாயகி ரேச்சல் வார்டின் முகத்தை விட்டு கேமரா நகரவே நகராது. அந்தப் பாட்டு எழும்பும். உயிரோடு இருந்துகொண்டே கிடைக்காமல் போவதும் ஒரு தண்டனைதானே? செத்துப்போனால் கதை முடிந்தது, இவர்களுக்கு முடியவில்லை.

இன்னொன்று. கதாநாயகனுக்கும் பழைய கறை உண்டு. கால்பந்து ஆடும் காலத்தில் பணத்துக்காக ஆட்டத்தில் புள்ளியைக் குறைத்துக் கொடுத்தவன் அவன். அதை வைத்துத்தான் உட்ஸ் அவனை வேலைக்கு வரவைக்கிறான். கறையே இல்லை என்பதுபோல் பேச வேண்டாம்.

---

தொண்டி ஆசிரியை

பாட்டு நல்ல பாட்டு தம்பி, அதில் எனக்குச் சண்டை இல்லை. கடைசி முகமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தில் நான் என்ன படிப்பது என்பதுதான் சிக்கல்.

பழைய கேத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேன் கிரீருக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். காபிக் கடைக்குள் வெயிலிலிருந்து வெள்ளை உடையில் நடந்து வருகிறாள். குரலை உயர்த்தமாட்டாள், கண்ணை அகல விரிக்கமாட்டாள். நம் பக்கத்தில் "பச்சைத் தண்ணி மாதிரி இருப்பா" என்று சொல்வோமே, அது. படம் நகர நகர உடையின் நிறம் கறுத்துக்கொண்டே வருகிறது. கடைசியில் கிட்டத்தட்ட ஒரு கன்னியாஸ்திரீ மாதிரி தலையை மூடிக்கொண்டு நிற்கிறாள். நடுவில் இரண்டு கொலை. ஆனாலும் அவள் பேசும்போது ஒரு நிமிஷம் நாமும் நம்பிவிடுகிறோம். பொய் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டே நம்புகிறோம், அவனைப் போலவே. இரண்டாவது முறை பார்த்தபோது எனக்கு அவள் மேல் இன்னொன்றும் தோன்றியது. சுற்றி இருக்கும் ஆண்கள் எல்லோரும் அவளை ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தப் பணத்தையும் துப்பாக்கியையும் மட்டும்தான். அதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. மன்னிக்கவும் மாட்டேன் என்கிறது. அதனால்தான் அவள் பெரிய பாத்திரம்.

புதிய படத்தின் ஜெஸ்ஸி பணக்கார வீட்டுப் பெண். அம்மாவுக்குப் பயந்து ஓடுகிறாள், காதலனுக்குப் பயந்து ஓடுகிறாள். கோயில் இடிபாட்டுக்குள் அவள் சுடுவதும் பதற்றத்தில். கடைசியில் சுடுவதும் வேறு வழியில்லாமல். கொலை செய்தும் குற்றம் ஒட்டாத பெண். பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. எனக்கென்னவோ அவளிடம் இருந்த ஒரே பலத்தையும் பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் பட்டது.

ஜெஸ்ஸியின் அம்மாவாக வருவது யார் என்று கவனித்தீர்களா? ஜேன் கிரீரேதான். அந்த வேடத்தில் நடித்தவரே 37 வருஷம் கழித்து அந்த வேடத்துக்குத் தாயாக வருகிறார். அவர் திரையில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் எனக்கு மற்றவர்கள் யாரும் தெரியவில்லை. உதட்டோரத்தில் அதே அமைதி.

---

மூக்கையூர் தூண்டில்

பழைய படத்தை நேற்றுதான் பார்த்தேன். ஒரு சந்தேகம், கேலி செய்யாதீர்கள். மலைப்பாறை மேல் நின்று ஜெஃபைச் சுட ஒருவன் குறி பார்க்கிறான். கீழே ஆற்றோரத்திலிருந்து அந்தப் பையன் தூண்டிலை வீசி, அவன் கோட்டில் முள்ளை மாட்டி, இழுத்து விழவைக்கிறான். தங்கூஸ் நரம்பு ஒரு ஆள் எடையைத் தாங்குமா? நான் பாரை மாட்டியே நரம்பு அறுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவன்.

---

தேவிபட்டினம் வீடியோ

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கதையை விடுங்கள், வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏமாற்றம் எங்கே என்று எனக்கு அதில்தான் தெரிந்தது.

கல்யாண வீட்டில் எங்களுக்கு முதல் வேலை நிழலைக் கொல்வது. பெண்ணின் மூக்குக்குக் கீழே ஒரு கீற்று நிழல் விழுந்தாலும் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு மாமியார் கேட்பார். அதனால் இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு விளக்கு, மேலே குடை. முகத்தில் எந்த இடமும் மறையக்கூடாது. அது அந்த வேலைக்குச் சரி, எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கத்தானே கூப்பிடுகிறார்கள்.

'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' எடுத்த ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராக்கா இதை அப்படியே திருப்பிப் போட்டவர். டூர்னரும் அவரும் 1942-இல் 'கேட் பீப்பிள்' என்ற படத்திலேயே சேர்ந்து வேலை செய்தவர்கள். அதில் பயமுறுத்துவது நிழல்தான், மிருகத்தைக் காட்டவே மாட்டார்கள் என்று சொல்லலாம். முசுராக்கா விளக்கைத் தாழ வைப்பார். மேசை விளக்கு, கணப்பு என்று அறையில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றிலிருந்து வெளிச்சம் வருவதுபோல வைப்பார். எதிர்ப்பக்கம் நிழலைக் குறைக்கும் நிரப்பு வெளிச்சம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் முகத்தில் பாதி நமக்குக் கிடைக்காது. அந்தப் பாதியில்தான் நாம் யோசிக்கிறோம்.

மலைக் குடிசையில் ஜெஃபும் அவன் பழைய கூட்டாளியும் அடித்துக்கொள்ளும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கேத்தி ஓரமாக நிற்கிறாள். சண்டை போடுகிறவர்களின் நிழல் அவள் முகத்தில் ஏறி இறங்குகிறது. நிழல் விலகும்போதெல்லாம் அவள் கண் தெரிகிறது. அந்தக் கண்ணில் பயம் இல்லை. காத்திருக்கிறாள். பிறகு துப்பாக்கி வெடிக்கிறது. வசனமே இல்லாமல் அவள் யார் என்று அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது.

1984 படத்தில் எனக்குக் கிடைத்தது கல்யாண ஆல்பத்து வெளிச்சம். வியர்வை, தோல், மணல், நீலத் தண்ணீர், எல்லாம் துல்லியம். மறைக்க ஒன்றுமில்லாதபோது எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது?

கலரில் எடுத்ததால் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1981-இல் லாரன்ஸ் கேஸ்டன் எடுத்த 'பாடி ஹீட்' கலர்தான். ஃபுளோரிடா கடற்கரை, புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் வெயில். அசல் மே மாத ராமநாதபுரம்! பெயர் போட்டு மறு ஆக்கம் என்று சொல்லவில்லை, ஆனால் 1944-இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இண்டெம்னிட்டி'யின் வம்சம்தான். வில்லியம் ஹர்ட் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு கதாநாயகியிடம் போகும்போது, யாரும் அவனைத் தள்ளவில்லை. தானே உடைக்கிறான். அந்த வெயிலிலும் இருட்டு இருந்தது.

---

மண்டபம் ரயிலடி

பழசு நல்லது, புதுசு கெட்டது என்றே போகிறது பேச்சு. நான் தினமும் பாம்பன் பாலத்தைப் பார்க்கிறவன். 1914-இல் கட்டிய பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கம்பியைத் தள்ளித் தள்ளித் தூக்கைத் திறப்பார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டாரில் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பார்க்க வேறு, இயங்கும் விதம் வேறு. ஆனால் எதற்காகத் திறக்கிறது? கப்பல் போக. அது மாறவில்லை.

மறு ஆக்கமும் அப்படித்தான். ஊரை மாற்று, தொழிலை மாற்று, துப்பறிகிறவனைக் கால்பந்துக்காரனாக்கு, எனக்கு ஆட்சேபம் இல்லை. பழையது எதற்காகத் திறந்தது என்று தெரிந்தால் போதும்.

---

பாம்பன் வடகடல்

ரயிலடி அண்ணே, நீங்கள் சொன்னது எனக்கு ரொம்ப உதவி. ஒன்று மட்டும் வேறுபடுகிறேன். பழைய பாலம் உப்புக்காற்றில் துருப்பிடித்தது, அதனால் புதுசு தேவைப்பட்டது. அந்த 1947 படம் துருப்பிடிக்கவில்லையே. எங்கள் கொட்டகையில் பத்து வயதுப் பையனும் பெரியப்பாவும் ஒரே மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

கீழக்கரைத் தம்பி சொன்ன கறை விஷயத்தை ராத்திரி முழுக்க யோசித்தேன். உண்மைதான், அவனுக்கும் கறை இருக்கிறது. ஆனால் அந்தக் கறையை நான் பார்க்கவில்லை. எப்போதோ நடந்தது என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். படம் தொடங்கும்போதே அவன் தோள் அடிபட்டு, அணியிலிருந்து விரட்டப்பட்டு, பரிதாபமாக நிற்கிறான். பிறகு மிரட்டுகிறார்கள், போகிறான். ஏமாற்றுகிறார்கள், ஏமாறுகிறான். போகப்போக நிலத்தரகு, அரசியல், பணக்காரர்களின் சூழ்ச்சி என்று பெரிது பெரிதாக வெளியே வருகிறது. ஒவ்வொன்றும் வெளியே வர வர அவன் சின்னவனாகிறான், நல்லவனாகிறான்.

பழைய ஜெஃபோடு நாம் அந்த வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் 'எனக்குக் கவலையில்லை' என்று சொன்னபோது கூடவே இருந்தோம். எந்தத் துப்பாக்கியும் அவன் முதுகில் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருந்தால் வேலை முடிந்தது, கூலி கிடைத்திருக்கும். அவனே வேண்டாம் என்றான். அதற்குப் பிறகு அவன் எத்தனை மைல் ஓடினாலும், எந்த மலையூரில் பெயரை மாற்றிப் பலகை மாட்டினாலும், அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். யாரையும் குறை சொல்லவும் மாட்டான். காரில் ராத்திரி முழுக்க ஆனிடம் எல்லாவற்றையும் சொல்லும்போதுகூட, அவள் என்னைக் கெடுத்தாள் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கடைசியில் கேத்தி மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது போலீசுக்குத் தானே போன் செய்கிறான். சாவுக்கும் தானே தேதி குறிக்கிறான்.

இந்த வகைப் படத்துக்கு 'நுவார்' என்று 1946-இல் பெயர் வைத்தது நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர். நுவார் என்றால் பிரெஞ்சில் கறுப்பு. அந்தக் கறுப்பு ஃபிலிமில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஜெஃபின் கையில் இருந்தது. ஹேக்ஃபோர்ட் அந்தக் கையைக் கழுவிவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு அழகான கடலைக் காட்டினாலும் எனக்குப் போதவில்லை.

---

கீழக்கரை கேசட்

காக்கா, பாதி ஒத்துக்கொள்கிறேன். உட்ஸையும் பாட்டையும் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். நேற்று இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. கடைசியில் அந்தப் பாட்டு வரும்போது எனக்குக் கண் கலங்கியது படத்துக்காக இல்லை. வாப்பா வருஷத்துக்கு ஒரு மாசம் வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது மதுரை வரைக்கும் வேனில் போவோம். அந்த வேனில் ஓடிய பாட்டு அது. படத்தில் இல்லாத பிரிவை நான் கொண்டுபோய்ப் படத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

---

அரண்மனைவாசல் பழைய ரசிகர்

வயதானவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஏமாந்தது இது ஒன்றில் மட்டும் இல்லை. 1946-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'தி பிக் ஸ்லீப்' படத்தை 1978-இல் மைக்கேல் வின்னர் திரும்ப எடுத்தார். நடித்தது யார்? இதே ராபர்ட் மிட்சம்! அறுபதை எட்டிவிட்ட மிட்சம். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை, அந்தத் தூங்குமூஞ்சிக் கண்ணில் இன்னும் உயிர் இருந்தது. ஆனால் கதையை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தூக்கி எழுபதுகளின் இங்கிலாந்தில் வைத்துவிட்டார்கள். பச்சைப்புல், நல்ல பங்களா, தேநீர் வேளை மாதிரி ஒரு வெளிச்சம். அந்த ஊரின் அழுக்கில் முளைத்த கதை அது. வேரோடு பிடுங்கித் தொட்டியில் வைத்தால் வாடத்தான் செய்யும். ரயிலடித் தம்பி ஊரை மாற்றலாம் என்றாரே, அங்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம். சில கதைகள் மண்ணை விட்டு வராது.

நம்மிடம் இது இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1954-இல் ஏ.வி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பார்த்திருக்கிறீர்களா? ஒரு பாட்டுக் கிடையாது. அந்தக் காலத்தில் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம்! துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி விழுகிறார், படம் அப்படித்தான் ஆரம்பம். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட காலத்தில் நடக்கிற கதை. ஜாவர் சீதாராமன் எழுதி, துப்பறியும் அதிகாரியாகத் தானே நடித்தார். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, செத்த மனிதர் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகத் தெரிகிறார். பண்டரிபாய் பேசாமல் நிற்கும் இடங்களை மட்டும் கவனியுங்கள். இதற்கு மேல் சொன்னால் பாவம்.

பாம்பன் தம்பி, தடைக்காலம் முடிவதற்குள் உங்கள் பெரியப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். மொழிபெயர்க்கும் வேலையும் மிச்சம்.

---

மூக்கையூர் தூண்டில்

எல்லாம் சரி, என் நரம்புக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

---

பாம்பன் வடகடல்

மன்னிக்கணும் தம்பி. அதைப் பெரியப்பாவிடமே கேட்டேன். அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார், இரண்டு தடவை. பிறகு எழுந்து சுவர்ப் பக்கம் போய் வேட்டியில் விரலை வைத்துக் காட்டினார். "ஆளைத் தூக்கலையே அவன். அவன் நிக்கிறது விளிம்பு, ரெண்டு கையும் துப்பாக்கில இருக்கு. கோட்டைப் பிடிச்சு ஒரு வெட்டு வெட்டுனாப் போதும், மிச்சத்தை அவன் எடையே பாத்துக்கும்." பெரிய மீனானாலும் கரையில் வைத்து இழுக்கும்போது அதன் வேகத்தில்தான் அதை விழவைக்கிறோம், நம் பலத்தில் இல்லை என்றார். நரம்பு அறுவது, மீன் தண்ணீரில் இருந்து எதிர்த்து ஓடும்போது. பாறை மேல் நிற்கிறவன் எதிர்த்து ஓட முடியாது.

---

மூக்கையூர் தூண்டில்

சரிதான். ஒத்துக்கொள்கிறேன். பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

---

தொண்டி ஆசிரியை

பெரியப்பா கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. பையன் ஏன் வரவில்லை?

பழைய படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜெஃபும் கேத்தியும் செத்தாகிவிட்டது. ஊரில் ஆனுக்காக ஜிம் என்று ஒருவன், சின்ன வயதிலிருந்து விரும்புகிறவன், காரில் காத்திருக்கிறான். ஆன் பெட்ரோல் பங்குக்கு வந்து பையனிடம் கேட்கிறாள்: ஜெஃப் கேத்தியோடு போய்விடத்தான் கிளம்பினானா? பையனுக்குக் காது கேட்காது, உதட்டைப் படிக்கிறான். ஒரு கணம் அவளையே பார்க்கிறான். பிறகு ஆமாம் என்று தலையை அசைக்கிறான்.

பொய். போலீசைக் கூப்பிட்டது ஜெஃப்தான் என்று நமக்குத் தெரியும். ஆனால் இல்லை என்று அவன் தலையாட்டியிருந்தால் ஆன் ஆயுசுக்கும் அந்தச் சவத்தோடு வாழ்ந்திருப்பாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். இந்தப் பையன் பேசாமலே ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு பெண்ணை அவள் வாழ்க்கைக்கு அனுப்பிவைக்கிறான். அவள் போன பிறகு ஜெஃபின் பெயர் எழுதிய பலகையை அண்ணாந்து பார்த்து ஒரு சலாம் வைக்கிறான். படத்தில் எல்லோரும் தங்களுக்காகப் பொய் சொன்னார்கள். இவன் ஒருவன்தான் இன்னொருவருக்காகச் சொன்னான்.

என் வகுப்பில் காது கேளாத மாணவி ஒருத்தி இருந்தாள். மற்ற பிள்ளைகள் பேசிச் சமாளிக்கும் இடத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யார் மனசு எப்படி இருக்கிறது என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பையனாக டிக்கி மூர் நடித்ததைப் பார்த்தபோது அவள் ஞாபகம்தான்.

புதிய படத்தில் இந்தப் பொய்க்கு வேலை இல்லை. யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை, ஏனென்றால் சின்ன ஊரும் இல்லை, காத்திருக்கிற பெண்ணும் இல்லை. பையனை எடுத்தது நேரத்தை மிச்சப்படுத்த என்று சொல்லவும் வழியில்லை. பழைய படம் 97 நிமிஷம்தான். புதியது இரண்டு மணி நேரத்தையும் தாண்டுகிறது.

---

தேவிபட்டினம் வீடியோ

அக்கா, அந்தத் தலையசைப்பை எடுத்த வெளிச்சத்தைக் கவனித்தீர்களா? பட்டப்பகல். முகத்தில் நிழலே இல்லை. படம் முழுக்க நிழலில் நடந்துவிட்டு, இருக்கிறதிலேயே பெரிய பொய்யை நல்ல வெயிலில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு இது தட்டியது.

---

பாம்பன் வடகடல்

அக்கா எழுதியதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக்கு அதுக்கப்புறம் யாரு சோறு போட்டுருப்பா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

சனிக்கிழமை 'அந்த நாள்' போடுகிறோம், அரண்மனைவாசல் ஐயாவும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டுக்குத் தம்பி வண்டி எடுத்து வருவான். நாளைக்கு ராத்திரி மறுபடியும் பழைய படம்தான், பெரியப்பா கேட்டுவிட்டார். எட்டு மணிக்கு வந்தால் போதும். தென்காற்று கொஞ்சம் அடிக்கிறது, வேட்டி ஆடாமல் இருக்க அடியில் ஈயக்குண்டு கட்டியிருக்கிறேன். உட்கார ஆளுக்கொரு பாய் கொண்டுவாருங்கள், கொட்டகை மணல் ஈரமாக இருக்கும்.